கைப்பழக்கம் என்னும் மருந்து

தமிழர் வாழ்வில் கைக்குள்ள இடத்தைத் தமிழ்ச் சொற்களே எடுத்துரைக்கும். உதவி செய்தலைக் கைகொடுத்தல் என்பர். துணை நீங்குதலைக் கைவிடுதல் என்பர். ஒரு தொழிலில் தேர்ச்சி பெற்றால் அது கைவந்தது என்பர். பொருளுக்கு முடை வந்தால் கை வறண்டது என்பர். உறவையும் திறமையையும் செல்வத்தையும் கையைக் கொண்டே அளந்து பேசுவது தமிழ் மரபு. மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் வாழும் மக்களுக்கு இது வெறும் சொல்வழக்கன்று, அன்றாட உண்மை. வாவியிலே வலை வீசவும் தோணி ஊன்றவும் இரு கைகள் வேண்டும். படுவான்கரை வயல்களில் கதிர் அறுக்கவும், எழுவான்கரைத் தென்னந்தோப்புகளில் கிடுகு பின்னவும், காத்தான்குடியிலும் மருதமுனையிலும் தறியிலமர்ந்து நெய்யவும் இரு கைகள் வேண்டும். தேங்காய் திருவிப் பிட்டு அவிக்கும் இல்லத்தரசிக்கும் அவ்வாறே.

அத்தகைய கைகளுள் ஒன்று, ஒருநாள் விடியற்காலையில், சொன்னபடி கேளாமல் தொங்கிவிடுகிறது. வாய் ஒரு பக்கம் கோணுகிறது, பேச்சுக் குழறுகிறது. பாரிசவாதம் என்றும் பக்கவாதம் என்றும் வழங்கப்படும் நோய் இது. வைத்தியசாலையில் சில நாட்கள் கிடந்து உயிர் தப்பியதே பெரும்பேறு என்று வீட்டார் ஆறுதல் அடைகின்றனர். வாரங்கள் செல்லக் கால் ஓரளவு ஊன்றத் தொடங்குகிறது. கையோ மடியிலேயே கிடக்கிறது. ‘இனி இந்தக் கை இவ்வளவுதானா?’ என்னும் வினா அவ்வீட்டில் எழுகின்றது. அதற்கு இன்றைய மருத்துவ அறிவு கூறும் விடையை அறிவதே இப்பேச்சின் நோக்கமாகும்.

முதற்கண் நோயின் இருப்பிடத்தைத் தெளிதல் வேண்டும். தொங்குவது கையே ஆயினும் நோய் இருப்பது மூளையிலே. அங்குள்ள குருதிக்குழாய் ஒன்று அடைபடுவதனாலோ வெடிப்பதனாலோ மூளையின் ஒரு பகுதி குருதி பெறாது நலிகின்றது. மூளையின் இடப்பாதி உடலின் வலப்பக்கத்தையும், வலப்பாதி இடப்பக்கத்தையும் ஆளுகின்றன. கட்டளை கொண்டுசெல்லும் நரம்பிழைகளுட் பெரும்பாலானவை மூளைத்தண்டின் அடியிலே குறுக்காகக் கடந்து எதிர்ப்பக்கம் செல்வதே இதற்குக் காரணம்.

கால் முந்தித் தேறக் கை பிந்துவதற்கும் காரணம் உண்டு. முகத்தையும் கையையும் ஆளும் மூளைப்பரப்புக்கு நடு மூளைநாடி என்னும் குழாயே பெரும்பாலும் குருதி ஊட்டுகிறது. காலை ஆளும் பரப்போ முன் மூளைநாடியிடமிருந்து குருதி பெறுகிறது. பாரிசவாதம் மிகுதியாகத் தாக்குவது நடு மூளைநாடி ஊட்டும் பகுதியையே. மேலும், கால் செய்யும் வேலையினும் கை செய்யும் வேலை நுட்பமானது. ஊன்றி நிற்கும் அளவுக்கு வலு வந்தால் கால் தன் கடமையில் ஒரு பாதியைச் செய்துவிடும். கைக்கோ, பொத்தான் பூட்டவும் மீன்முள் நீக்கவும் வலையின் அறுந்த கண்ணை முடியவும் ஒவ்வொரு விரலும் தனித்தனியே பணிதல் வேண்டும்.

நலிந்த மூளைப்பகுதி மீண்டும் முளைப்பதில்லை. ஆயினும் அதனை அடுத்துள்ள பகுதிகளும், உடலின் அதே பக்கத்தை ஆளும் பிற பகுதிகளும், இழந்த வேலையில் ஒரு பங்கைக் கற்றுக்கொள்ள வல்லவை. ‘கற்றுக்கொள்ளல்’ என்ற சொல்லை நேயர்கள் மனத்திற் கொள்வார்களாக. அரிச்சுவடி தொடங்கும் குழந்தை முதல் நாளிலேயே ‘அ’ எழுதிவிடுவதில்லை. அரிசியிலும் மணலிலும் கரும்பலகையிலுமாகப் பலநூறு தடவை எழுதி அழித்த பின்னரே எழுத்து விரலுக்கு வசப்படுகிறது. பாரிசவாதத்தின் பின் கையும் அவ்வாறே பயில வேண்டும். எண்ணெய் தேய்த்தல் உடலுக்கு இதமளிக்கலாம். மனத்துக்கும் ஆறுதல் தரலாம். ஆனால், நோயாளர் கண்மூடிக் கிடக்க மற்றொருவர் கையை உருவிவிடுவதனால் மூளை எழுதப் பழகுவதில்லை. எழுத வேண்டியவர் தாமே எழுதல் வேண்டும்.

இவ்வுண்மையை ஆய்வுகள் பலவும் காட்டியுள்ளன. அமெரிக்க விஞ்ஞானி ரண்டொல்ஃப் நூடோ என்பாரும் அவர்தம் குழுவினரும் 1996ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு அவற்றுள் ஒன்று. சிறு பாரிசவாதம் உண்டாக்கப்பட்ட அணிற்குரங்குகளின் நல்ல கை உடையினால் தடுக்கப்பட்டது. சிறுகுழிகளிலிருந்து உணவுத் துணுக்குகளை நலிந்த கையாலேயே எடுக்கும்படி அவை நாள்தோறும் பயிற்றப்பட்டன. அவற்றின் மூளையில் கைக்குரிய எஞ்சிய பரப்புக் காக்கப்பட்டது. சிலவற்றில் அது அயலிடத்துக்கும் விரிந்தது. முன்னர் அதே குழுவினர் ஆராய்ந்த, பயிற்சி பெறாத குரங்குகளிலோ நோய் தொடாத பரப்பும் ஒரு பகுதி சுருங்கியிருந்தது. உழாத வயலைப் புல் மூடுவது போலப் பயன்படுத்தாத கையின் இடத்தை மூளை பிறிதொன்றுக்குக் கொடுத்துவிடுகிறது எனலாம்.

எட்வர்ட் டோப் என்னும் மற்றோர் அமெரிக்க ஆய்வாளர் இதன் வேறொரு பக்கத்தைக் கண்டார். நோயின் தொடக்கத்தில் கையை அசைக்க முயல்கிறவர் தோற்கிறார், சோறு சிந்துகிறது, கோப்பை விழுகிறது. நல்ல கையால் செய்தால் வேலை உடனே முடிகிறது. இவ்வாறு நாட்கள் செல்லச் செல்ல, நலிந்த கையைப் பயன்படுத்தாமலிருப்பதையே அவர் ஒரு பழக்கமாகக் கற்றுவிடுகிறார். பின்னர் மூளை ஓரளவு தேறிக் கையில் வலு வந்த போதிலும், வந்த வலு பயன்படாமல் கிடக்கிறது.

இப்பழக்கம் வேரூன்றுவதற்கு வீட்டாரின் அன்பும் துணையாகிவிடுகிறது என்பதே இங்கு வருந்தத்தக்கது. மட்டக்களப்புப் பகுதியில் நோயுற்ற தாயையோ தந்தையையோ கைவிடும் குடும்பம் அரிது. மகள் சோறு ஊட்டுகிறாள். மருமகள் தலை வாருகிறாள். பேரன் சட்டைப் பொத்தான் பூட்டுகிறான். ‘அம்மா, நீங்கள் பேசாமல் இருங்கள், நாங்கள் செய்கிறோம்’ என்ற சொல் கனிவிலே பிறப்பது. ஆனால் அச்சொல் நாள்தோறும் இருபது தடவை கேட்கப்படும் வீட்டில், கை பயில்வதற்கான இருபது வாய்ப்புகள் நாள்தோறும் கழிந்துபோகின்றன. ஐந்து நிமிடத்தில் முடியும் வேலைக்கு அரைமணி நேரம் காத்திருக்கும் பொறுமையே அவ்வீட்டாரிடம் வேண்டப்படுவது. ஊட்டிவிடுவதினும் அது கடினமான அன்பு.

கை எந்த அளவுக்குத் தேறும் என்பதை முன்கூட்டி அறிய இயலுமா? ஓரளவு இயலும். 156 நோயாளரைக் கொண்டு நெதர்லாந்தில் நடத்தப்பட்ட ஆய்வொன்று 2010இல் வெளிவந்தது. நோய் தாக்கி 72 மணி நேரத்துக்குள் விரல்களைச் சிறிதேனும் நீட்டவும், தோளைச் சிறிதேனும் பக்கவாட்டில் உயர்த்தவும் இயன்றவர்கள், ஆறு மாத முடிவில் ஓரளவேனும் கைத்திறன் பெறும் வாய்ப்பு நூற்றுக்கு 98 என அது காட்டியது. இரண்டும் இயலாதவர்க்கு அவ்வாய்ப்பு நூற்றுக்கு 25 அளவே. ஆதலின் எல்லாக் கைகளும் முழுமையாகத் திரும்பும் என்று உறுதிகூறுவது உண்மையாகாது. அசையாத கையைக் கண்டு முதல் வாரத்திலேயே நம்பிக்கையிழப்பதும் முறையாகாது. அத்தகையோரிலும் நால்வரில் ஒருவர் தேறுகின்றார் அன்றோ?

இனி, பயிற்சியின் முறையைக் காண்போம். இயன்மருத்துவர் எனப்படுவோரும் தொழில்வழிச் சிகிச்சையாளர் எனப்படுவோரும் இத்துறையில் வழிகாட்ட வல்லவர்கள். இலங்கையில் இவ்விரு துறைகளுக்குமான பயிற்சிப் பாடசாலை கொழும்பிலே 1957ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது.

முதல் நாட்களில் வேண்டப்படுவது காவலே. தசைகள் தளர்ந்திருக்கும்போது தோள்மூட்டைப் பிடித்துவைக்கும் வலு குறைந்துவிடுகிறது. கையின் பாரத்தால் மூட்டு சற்றே கீழிறங்கவும் கூடும். ஆகவே, நோயாளரைத் தூக்கும்போது நலிந்த கையைப் பிடித்து இழுத்தல் ஆகாது. கக்கத்தில் கைகொடுத்துத் தூக்குதலும் ஆகாது. கதிரையில் இருக்கும்போது கையைத் தலையணையின் மீதோ பலகையின் மீதோ கிடத்தல் வேண்டும். தலைக்கு மேலே கப்பி கட்டிக் கயிற்றால் கையை உயர்த்துவது தோள் வலியை விளைவிக்கக் கூடியது. அதனைத் தவிர்த்தல் நலம். மூளையின் வலப்பாதி நலிந்தவர் சிலர், தமக்கு இடப்பக்கம் ஒன்று உண்டு என்பதையே மறந்திருப்பர். அத்தகையோரின் கை அவர்தம் கண்முன்னே இருத்தல் வேண்டும். உணர்ச்சி குன்றிய கை சுடுநீரையும் அடுப்பையும் அறியாது என்பதையும் வீட்டார் மறத்தலாகாது.

பயிற்சியை விரைந்து தொடங்குதல் நன்று; ஆயினும் தொடக்கத்திலேயே மிகைப்படுத்துதல் நன்றன்று. நோய் தாக்கிய ஏறத்தாழப் பத்து நாட்களில் 52 நோயாளருக்குப் பயிற்சி தொடங்கிய அமெரிக்க ஆய்வொன்றின் முடிவு 2009இல் வெளிவந்தது. மிகக் கடுமையான பயிற்சி பெற்றவர்கள், அளவான பயிற்சி பெற்றவர்களை விடக் குறைவாகவே தேறியிருந்தனர். இளம் நாற்றுக்கு வெள்ளம் ஆகாதது போன்றது இது. எப்பொழுது, எவ்வளவு என்பதை இயன்மருத்துவரே அளந்து கூறுதல் வேண்டும்.

கை சிறிதளவு அசையத் தொடங்கியதும், பயிற்சி ஒரு வேலையைச் சார்ந்து அமைதல் வேண்டும். வெறுங்காற்றிலே கையை நூறு தடவை ஆட்டுவதை விட, மேசைமேலிருக்கும் கோப்பையை எட்டித் தொடுவது மேல். தொட இயன்றதும் பிடித்தல். பிடிக்க இயன்றதும் நகர்த்துதல். பின்னர் உயர்த்தி வாயருகே கொணர்தல் என ஒவ்வொரு படியும் முந்தியதை விடச் சற்றே கடினமாதல் வேண்டும். இதற்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டுவதில்லை. சிரட்டையிலிருந்து புளியங்கொட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து மற்றொரு சிரட்டையில் இடலாம். துணி மடிக்கலாம்; மேசை துடைக்கலாம். கீரையை நல்ல கை பிடித்திருக்க நலிந்த கை ஆயலாம். அது இயலாவிடின், நலிந்த கை பிடித்திருக்க நல்ல கை ஆயலாம். வலை முடிந்து பழகியவருக்கு நூலும் ஊசியும், பாய் இழைத்தவருக்குப் பன்னும், நெசவாளருக்குத் தார்க்குச்சியும் நல்ல பயிற்சிப் பொருள்களாகும். பழகிய தொழிலில் மனம் ஈடுபடும். ஈடுபட்ட மனம் அலுப்பின்றித் திரும்பத் திரும்பச் செய்யும்.

இங்கு ஒரு சிறு எச்சரிக்கை பொருத்தமானது. பாரிசவாதம் வந்தவரிடம் இறப்பர்ப் பந்து ஒன்றைக் கொடுத்துப் பிசையச் சொல்வது எங்கும் காணும் வழக்கம். பெரும்பாலோரது விரல்கள் நாளடைவில் உள்நோக்கி மடங்கி இறுகுகின்றன. அவர்களுக்குக் கடினமானது பிடிப்பதன்று, பிடித்ததை விடுவதே. ஆகவே, விரலை விரித்துப் பொருளை விடுவிக்கும் பயிற்சியே அத்தகையோருக்கு முதன்மையாக வேண்டப்படும். பந்து யாருக்கு ஏற்றது, யாருக்கு ஏலாதது என்பதைக் கேட்டறிந்து கொள்ளல் வேண்டும்.

எத்தனை தடவை என்பதும் கருதத்தக்கது. 2009இல் வெளியான ஓர் ஆய்வு, வட அமெரிக்காவில் 312 சிகிச்சை அமர்வுகளைக் கவனித்து எண்ணியது. வேலை சார்ந்த கைப்பயிற்சி நடைபெற்ற அமர்வுகளில், அது சராசரியாக 32 தடவையே செய்யப்பட்டிருந்தது. குரங்குகளின் மூளை மாறுவதற்கு நாளொன்றுக்குப் பலநூறு தடவை வேண்டியிருந்தது. செல்வ நாடுகளின் வைத்தியசாலைகளிலேயே நிலை இதுவாயின், வாரம் ஒருமுறையோ மாதம் இருமுறையோ வைத்தியசாலைக்கு வருபவர் அங்குச் செய்யும் பயிற்சி மட்டும் போதுமா? எஞ்சியதை வீடே செய்தாக வேண்டும்.

கண்ணாடியைக் கொண்டு செய்யும் பயிற்சியும் ஒன்றுண்டு. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்காவிலே பணியாற்றிய தமிழர் வி. எஸ். ராமச்சந்திரன், கையிழந்தோருக்குத் தோன்றும் மாய வலியைத் தணிக்க 1990களில் கண்ணாடியைப் பயன்படுத்தினார். அம்முறையைப் பாரிசவாதத்துக்குப் பயன்படுத்தி, ஒன்பது நோயாளரைக் கொண்டு அவரும் பிறரும் செய்த சிறு ஆய்வு 1999இல் வெளிவந்தது. நோயாளரின் இரு கைகளுக்கும் நடுவே கண்ணாடி நிறுத்தப்படுகிறது. நலிந்த கை அதன் பின்னே மறைகிறது. நல்ல கையை அசைத்தவாறு கண்ணாடியைப் பார்க்கும்போது, நலிந்த கையே அசைவது போலத் தோன்றுகிறது. அத்தோற்றம் மூளையைத் தூண்டுகிறது. பின்னர் வந்த பல ஆய்வுகளின் தொகுப்பு, ஏனைய பயிற்சிகளோடு சேர்த்துச் செய்யின் இது பயன்தரும் என்று காட்டியுள்ளது. முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று போதுமாதலால், எளிய குடும்பத்துக்கும் இது எட்டக்கூடியதே.

எட்வர்ட் டோப் வகுத்த முறை கடுமையானது. நல்ல கைக்கு உறை அணிவித்து, விழித்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதியில் அதனைத் தடுத்துவைத்து, நலிந்த கையை நாளொன்றுக்குப் பல மணி நேரம் இரு வாரங்களுக்குப் பயிற்றுவதே அம்முறை. நோய் வந்து மூன்று முதல் ஒன்பது மாதங்களான 222 பேரைக் கொண்டு நடத்திய சோதனை 2006இல் வெளிவந்தது. இம்முறையில் பயின்றோர் வழக்கமான கவனிப்புப் பெற்றோரை விட நன்கு தேறினர். அத்தேற்றம் ஓராண்டின் பின்னும் நிலைத்திருந்தது. ஆயினும் மணிக்கட்டையும் விரல்களையும் சிறிதளவேனும் நீட்ட வல்லவர்க்கே இம்முறை பொருந்தும். தள்ளாடி நடக்கும் முதியவரின் நல்ல கையை வீட்டார் தாமாகவே கட்டிவிடுவது, அவர் விழுந்து எலும்பு முறிவதற்கு இடமாகும். மருத்துவரின் மேற்பார்வையின்றி இதனைச் செய்தல் ஆகாது.

வீட்டின் பங்கு பெரிது என்றால் இயன்மருத்துவர் வேண்டியதில்லை என்று சிலர் கருதக்கூடும். இந்தியாவிலே 14 வைத்தியசாலைகளில் 1250 நோயாளரைக் கொண்டு நடத்தப்பட்டு 2017இல் வெளியான ஆய்வு இதற்கு விடையளிக்கிறது. குடும்பத்தவர் ஒருவருக்குப் பயிற்சிமுறை கற்பிக்கப்பட்டது. அவர் வீட்டிலே நோயாளரைப் பயிற்றினார். ஆறு மாதத்தின் பின், பிறரைச் சார்ந்து வாழ்வோரின் தொகையும் இறந்தோரின் தொகையும், அவ்வாறு செய்யாத பிரிவினரிடமிருந்து வேறுபடவில்லை. அன்பும் சிறிதளவு கற்பித்தலும் மட்டும் போதா என்பதை இது உணர்த்துகிறது. பயிற்சியை நோயாளருக்கேற்ப வகுக்கவும், பிழையைத் திருத்தவும், படியை உயர்த்தவும் அறிந்தவர் ஒருவர் தொடர்ந்து வேண்டும். ஆசிரியரின்றி வீட்டுப்பாடம் மட்டும் செய்யும் மாணவனும் தேறுவதில்லை. வீட்டுப்பாடம் செய்யாத மாணவனும் தேறுவதில்லை.

மட்டக்களப்பைப் பொறுத்தவரையில் இத்தொடர்பு எளிதன்று. போதனா வைத்தியசாலை நகரத்தில் உள்ளது. படுவான்கரைக் கிராமங்கள் மேற்கே வயல்களினூடே சிதறிக் கிடக்கின்றன. மண்முனைத் துறையில் ஓடத்துக்குக் காத்திருந்த நிலை 2014இல் அங்குப் பாலம் திறக்கப்பட்டதோடு நீங்கியது. எனினும் ஒரு கை தொங்க ஒரு கால் இழுபட நடப்பவருக்குப் பேருந்தில் ஏறுவதே பெரும்பாடு. கூடவருபவர் அன்றைய கூலியை இழக்கிறார். முதலிரு தடவை வந்தவர் மூன்றாம் தடவை வாராமல் விடுவதற்குச் சோம்பல் காரணமன்று. ஆகவே, வைத்தியசாலையை விட்டு நீங்குமுன் வீட்டார் சிலவற்றைக் கேட்டுப் பெறுதல் வேண்டும். எந்தப் பயிற்சி, நாளுக்கு எத்தனை தடவை, எதைச் செய்யலாகாது, மீண்டும் எப்போது வருவது என்பவற்றை எழுதி வாங்குக. களுவாஞ்சிகுடி, ஏறாவூர், வாழைச்சேனை முதலிய இடங்களின் ஆதார வைத்தியசாலைகளுள் அண்மையிலுள்ளதில் பயிற்சி பெறும் வசதி உண்டா என வினவுக. வீட்டுச் சுவரில் நாட்காட்டி ஒன்றைத் தொங்கவிட்டு, அன்றன்று செய்த தடவைகளைப் பள்ளி செல்லும் பேரப்பிள்ளையைக் கொண்டு குறிக்கச் செய்க. எண்ணிக்கை வளர்வதைக் காணும் முதியவருக்கு மறுநாளும் முயலும் ஊக்கம் பிறக்கும்.

ஆறு மாதம் கடந்தால் பயனில்லை என்றொரு கருத்தும் பரவியுள்ளது. விரைவான தேற்றம் முதல் மாதங்களில் நிகழ்வது உண்மையே. ஆனால் இலண்டனின் குயின் ஸ்குயர் வைத்தியசாலையில், பெரும்பாலும் நோய் வந்து ஓராண்டுக்கு மேலான 224 பேர் மூன்று வாரங்களில் 90 மணி நேரப் பயிற்சி பெற்றனர். அவர்கள் கைத்திறனில் முன்னேறினர் என்றும், ஆறு மாதத்தின் பின்னும் அம்முன்னேற்றம் நிலைத்தது என்றும் 2019இல் வெளியான அறிக்கை கூறுகிறது. அத்துணைப் பயிற்சியை எல்லா இடங்களிலும் அளிக்க இயலாது. ஆயினும், காலம் கடந்துவிட்டது என்று சொல்லிக் கதவை அடைப்பதற்கு நியாயமில்லை என்பது தெளிவு.

எவ்வளவு முயன்றும் திரும்பாத கைகளும் உண்டு. அந்நிலையில் அக்கையைத் தூய்மையாகவும் வலியின்றியும் இறுகாமலும் காப்பதே கடமையாகிறது. மறு கையால் உடுத்தவும் உண்ணவும் எழுதவும் பயில்வதும் மறுவாழ்வே; அதனைத் தோல்வி என்று எண்ணுதல் தவறு. குடும்பத்தின் வரவு செலவிலும் நல்லது கெட்டதிலும் முன்போல அவரது சொல்லைக் கேட்பது, எந்தப் பயிற்சியும் தராத வலிமையைத் தரும். கை ஒன்று ஓய்ந்ததனால் அவர் வீட்டின் மூலையில் வைக்கப்படும் பொருளாகிவிடவில்லை.

இறுதியாக ஒரு சொல். ஒருமுறை பாரிசவாதம் வந்தவருக்கு அது மீண்டும் வரக்கூடும். குருதி அமுக்கத்துக்கும் நீரிழிவுக்கும் உரிய மருந்துகளை நிறுத்தாமல் உட்கொள்ளலும் புகையிலையை விலக்கலும் கைப்பயிற்சிக்கு முற்பட்ட கடமைகள். முகம் கோணினாலும், கை தளர்ந்தாலும், பேச்சுக் குழறினாலும் 1990 என்னும் இலக்கத்துக்கு உடனே அழைத்தல் வேண்டும். அடைப்பைக் கரைக்கும் மருந்து பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள்ளேயே கொடுக்கத்தக்கது.

நேயர்களே, பாரிசவாதம் கண்ட வீடு உங்கள் அயலில் இருக்கலாம். உங்கள் வீடாகவும் இருக்கலாம். இன்றிரவு அங்கு உணவு பரிமாறப்படும்போது, நலிந்த கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு கோப்பையை வையுங்கள். அது கவிழ்ந்தாலும் பாதகமில்லை. துடைத்துவிட்டு மீண்டும் வையுங்கள்.